நெடுஞ்சாலையில் எத்தனை வேகம், எவ்வளவு அபராதம்?

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கு முடிவுக்கு வந்தது. 2013இல் நடந்த விபத்தில் நிரந்தர ஊனமடைந்த ஓர் இளம் பல் மருத்துவரின் மேல்முறையீடு அது. நீதிபதிகள் என். கிருபாகரனும் டி.வி. தமிழ்ச்செல்வியும் 18 லட்சத்துச் சொச்சமாக இருந்த இழப்பீட்டை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்த்தினார்கள். அதோடு நிற்கவில்லை. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட வேக வரம்பு அறிவிக்கையையே ரத்து செய்து, வரம்பைக் குறைத்துப் புதிதாக அறிவிக்கச் சொன்னார்கள்.

அந்த 2018 அறிவிக்கையின்படி விரைவுச்சாலையில் கார் மணிக்கு 120 கி.மீ. வரை போகலாம். நடுவே தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் 100. மற்றச் சாலைகளில் 70. இன்ஜின் தொழில்நுட்பமும் சாலைகளும் மேம்பட்டுவிட்டன என்பது அரசு சொன்ன காரணம். வண்டியின் திறன் கூடக் கூடக் கட்டுப்பாடில்லாத வேகமும் விபத்தும்தான் கூடுகின்றன என்பது நீதிமன்றம் சொன்ன பதில்.

அடுத்த ஆண்டு, 2022 அக்டோபரில், விவாதம் வேறு பக்கம் திரும்பியது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் புதிய அபராதங்களைத் தமிழ்நாடு அரசு அப்போதுதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹெல்மெட் போடாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினாலும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டாலும் 10,000. அன்றிலிருந்து வேகம் பற்றிப் பேச்செடுத்தால் ஒருவர் வரம்பைப் பற்றிச் சொல்வார், இன்னொருவர் அபராதத்தைப் பற்றிச் சொல்வார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். வரம்பு எவ்வளவு என்பது ஒன்று. மீறினால் எவ்வளவு வலிக்க வேண்டும் என்பது இன்னொன்று. மீறினால் மாட்டுவோமா என்ற மூன்றாவது கேள்வியை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. உயிர்கள் அதிகமாகக் காப்பாற்றப்படுவது அந்த மூன்றாவதில்தான் என்பது என் கருத்து. அதை முதலிலேயே சொல்லிவிட்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கிறேன்.

வரம்பை உயர்த்துவது

இந்தப் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் மதிக்க வேண்டும். எல்லோரும் மீறுகிற வரம்பு, வரம்பாகவே இருக்காது. நல்ல சாலையில் 60 என்று பலகை வைத்தால் யாரும் 60இல் போவதில்லை. பிறகு 40 என்ற பலகையையும் யாரும் நம்புவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உண்மையிலேயே 40இல் போக வேண்டிய இடத்தில்கூட அந்தப் பலகைக்கு மதிப்பு இல்லாமல் போகிறது.

நேரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கி.மீ. தூரத்தை 80இல் கடக்க 75 நிமிடம். 100இல் 60 நிமிடம். 120இல் 50 நிமிடம். அதாவது 80இலிருந்து 100க்குப் போனால் கால் மணி நேரம் மிச்சமாகும், 100இலிருந்து 120க்குப் போனால் பத்தே நிமிடம்தான். அதுவும் காகிதத்தில். தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போகும்போது பரனூரில் ஒரு டோல்கேட், விக்கிரவாண்டியில் ஒன்று, செங்குறிச்சியில் ஒன்று, நடுவில் சாப்பாடு. மிச்சம் பிடித்த நேரம் பெருங்களத்தூரிலும் செங்கல்பட்டிலும் நெரிசலில் கரைந்துவிடும்.

கொடுக்கிற விலை என்ன? ஆபத்தைப் பார்த்து மூளை காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர். 80இல் போகிற கார் நிற்க ஏறத்தாழ 70 மீட்டர் வேண்டும். 100இல் 97 மீட்டர். 120இல் 130 மீட்டரை ஒட்டி வரும். நூறு மீட்டர் தள்ளி ஒரு டிராக்டர் சாலைக்குள் ஏறினால், 100இல் வந்தவர் தட்டுத்தடுமாறி நின்றுவிடுவார். 120இல் வந்தவர் இன்னும் நல்ல வேகத்திலேயே மோதுவார். மோதும்போது இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 100க்கும் 120க்கும் இடையில் அது 44 சதவீதம் அதிகம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆனாலும் 120 என்ற எண் மட்டும் குற்றவாளி இல்லை. சென்னை - பெங்களூரு விரைவுச்சாலை 262 கி.மீ. நீளத்துக்கு 120 வேகத்தை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. பக்கத்து ஊரிலிருந்து யாரும் நேராக ஏற முடியாது, பைக்குக்கு இடமில்லை, குறுக்கே கடக்க வழியில்லை. அப்படிப்பட்ட சாலையில் 120 என்பதை நான் எதிர்க்க மாட்டேன். திருச்சி நெடுஞ்சாலை அப்படியா இருக்கிறது? பழைய சாலையை அகலப்படுத்தித்தான் அதை நான்குவழி ஆக்கினார்கள். ஊர் ஒரு பக்கம், வயல் மறுபக்கம். அடுத்த யூ டர்ன் இரண்டு கி.மீ. தள்ளி என்றால் பால்கேனோடு வருகிறவர் ராங் சைடில்தான் வருவார். மீடியனில் யாரோ உடைத்த இடைவெளி வழியாகப் பெண்கள் பஸ் நிறுத்தத்துக்குக் கடக்கிறார்கள். இந்த இரண்டு சாலைகளையும் "நெடுஞ்சாலை" என்று ஒரே பெயரில் அழைத்து, இன்ஜினை வைத்து வரம்பு போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாலையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வரம்பு போட வேண்டும்.

2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்களே 44.5 சதவீதம். நடந்து போனவர்களையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. ஏர்பேக், ஏ.பி.எஸ்., வலுவான கூடு என்று கார் எவ்வளவுதான் முன்னேறினாலும் அந்தப் பாதுகாப்பு காருக்குள் இருப்பவருக்கு மட்டும்தான். வெளியே இருப்பவருக்கு 2018லும் அதே உடம்புதான், அதற்கு முன்பும் அதே உடம்புதான். ஒரு கார் 50இல் மோதுவதைவிட 65இல் மோதினால் நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு 4.5 மடங்கு ஆகிறது. அரசின் "இன்ஜின் மேம்பட்டுவிட்டது" என்ற வாதம் எனக்கு நிற்காததற்கு இதுதான் காரணம்.

வரம்பைக் குறைப்பது

அப்படியானால் எல்லா இடத்திலும் குறைத்துவிடலாமா? சென்னையில் 2023இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். நகரத்துக்குள் 40 கி.மீ. என்ற பழைய வரம்பைக் கருவி வைத்துப் பிடிக்கக் காவல்துறை முனைந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இரவு பத்து மணிக்குக் காலியாகக் கிடக்கும் சாலையில் 40 எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வரம்பைத் திருத்தினார்கள். காருக்கு 60, பைக்குக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிக்கும் 30. பெரிய சாலையில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிய இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நெடுஞ்சாலைக்கும் இதே யோசனைதான் பொருந்தும்.

காலத்தைப் பொறுத்தும் மாற்றலாம். உத்தரப் பிரதேசத்தின் யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை மூடுபனிக்காகக் காரின் வரம்பை 100இலிருந்து 75ஆகக் குறைக்கிறார்கள். நம் பக்கம் மூடுபனி குறைவு, மழை அதிகம். நவம்பர் மாதம் திண்டிவனத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே கொட்டுகிற மழையில் 100 என்ற பலகை அப்படியே நிற்பதில் அர்த்தமே இல்லை.

இதற்கெல்லாம் டெல்லியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் மத்திய அரசு சொல்வது உச்ச வரம்பு. பொதுப் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மைக்காகவோ குறிப்பிட்ட இடத்தில் அதைக் குறைக்க மாநில அரசுக்கு அதே பிரிவு அதிகாரம் தருகிறது. அரசிதழில் அறிவித்து, சாலையில் பலகை வைத்தால் போதும். 2018 அறிவிக்கை சரியா தவறா என்ற விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும், ஊர் கடக்கும் இடங்களில் 100ஐ 70ஆகவோ 60ஆகவோ இறக்குவதை நாளைக்கே செய்யலாம்.

குறைக்கும் வழியில் எனக்கு இருக்கும் தயக்கம் ஒன்றுதான். பலகையை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். தொப்பூர் கணவாயில் எச்சரிக்கைப் பலகைகளுக்குப் பஞ்சமே இல்லை. சரிவில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரியின் பிரேக் சூடாகிக் கைவிட்ட பிறகு, பலகையில் எந்த எண் இருந்தாலும் ஒன்றுதான்.

அபராதத்தை உயர்த்துவது

அதிவேகத்துக்கு முன்பு 400 ரூபாய். இப்போது காருக்கு 1,000 முதல் 2,000 வரை, லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 வரை. இரண்டாம் முறை மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம். குஜராத் போன்ற மாநிலங்கள் 2019இலேயே இந்த அபராதங்களில் பலவற்றைக் குறைத்துக்கொண்டன. மேற்கு வங்கம் அப்போது அமல்படுத்தவே மறுத்தது. தமிழ்நாடு மூன்று ஆண்டு தாமதித்துக் கொண்டுவந்தது. இன்னும் ஏற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 210ஏ பிரிவின்படி மாநில அரசு அபராதத்தைப் பத்து மடங்கு வரை பெருக்கலாம்.

ஏற்ற வேண்டும் என்பவர்கள் சொல்வது புரிகிறது. 400 ரூபாய் என்பது ஒரு வேளை ஹோட்டல் பில். அதற்கு யார் பயப்படுவார்கள்? ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் ஆன பிறகு சென்னையில் பின்னால் உட்காருகிறவர்கள்கூட ஹெல்மெட் மாட்டத் தொடங்கியதை நாம் பார்த்தோம். வலிக்கிற அபராதம் வேலை செய்யும் என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் அங்கே இன்னொன்றும் இருந்தது. சிக்னலுக்குச் சிக்னல் போலீஸ் நின்றார்கள். தலை வெறுமையாக இருப்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். 110இல் போகும் கார் அப்படித் தெரியாது. கருவி இருக்க வேண்டும், அது சரியான இடத்தில் இருக்க வேண்டும், சலான் வீட்டுக்குப் போக வேண்டும், போன சலானுக்குப் பணம் கட்ட வைக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் 2,000 ரூபாயும் 20,000 ரூபாயும் ஒன்றே. நூறு முறை மீறினால் ஒரு முறை மாட்டலாம் என்ற நிலையில், ஓட்டுகிறவர் மனதில் அபராதத் தொகையே இல்லை. இன்றைக்கு மாட்ட மாட்டோம் என்ற நம்பிக்கைதான் இருக்கிறது.

எனக்கு மிகவும் உறுத்துவது நியாயம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் டெலிவரி இளைஞருக்கு 1,000 ரூபாய் என்பது இரண்டு நாள் கூலி. கோடி ரூபாய்க் காரில் 140இல் போகிறவருக்கு 2,000 ரூபாய் ஒரு டேங்க் பெட்ரோலில் பாதிகூட இல்லை. பின்லாந்தில் வருமானத்தை வைத்து அபராதம் போடுகிறார்கள். 2023இல் 50 கி.மீ. வரம்புள்ள இடத்தில் 82இல் போன ஒரு செல்வந்தருக்கு 1,21,000 யூரோ விழுந்தது. வருமான வரி கட்டுபவர்களே சிறுபான்மையாக இருக்கும் நம் நாட்டில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் பணக்காரரிடமும் ஏழையிடமும் ஒரே மாதிரி இருப்பது ஒன்று உண்டு, லைசென்ஸ். பிரிட்டனில் மூன்று ஆண்டுக்குள் 12 தண்டனைப் புள்ளி சேர்ந்தால் வண்டி ஓட்டத் தடை வரும். புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளியே போதும், லைசென்ஸ் போய்விடும். பணத்தால் தப்பிக்க முடியாத தண்டனை அது. இரண்டில் ஒன்று என்றால் அபராதத்தைப் பெருக்குவதைவிட இதைத்தான் நான் கேட்பேன்.

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு விஷயம். சாலையோரத்தில் கையில் பிடித்து எழுதும் அபராதம் பெரிதாகப் பெரிதாகப் பேரமும் பெரிதாகும். 10,000 கட்டுகிறாயா, 2,000 தருகிறாயா என்ற பேச்சுக்கு அது இடம் கொடுக்கிறது. ஆள் கையில் படாத சலானில் அதற்கு வாய்ப்புக் குறைவு.

மாட்டுவது உறுதி என்று ஆக்குவது

பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளலாம். 2023 மார்ச்சில் திறந்த அந்தச் சாலையில் முதல் சில மாதங்களில் விழுந்த உயிர்கள் கர்நாடகத்தையே உலுக்கின. அபராதத்தை ஏற்றுவதோடு அவர்கள் நின்றிருந்தால் இன்னும் அதே நிலைதான். 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றையும் நடுச்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு மாற்றினார்கள். தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். 2024 ஆகஸ்ட் முதல் 130க்கு மேல் போனால் ஆபத்தாக ஓட்டியதாக எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யப்படும் என்று மாநிலம் முழுமைக்கும் அறிவித்தார்கள். உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. பைக்கை வெளியேற்றியதை ஏழைகளுக்கு எதிரானது என்று பலர் கண்டித்தார்கள். சர்வீஸ் ரோடு குண்டும் குழியுமாக இருந்தால் அந்தக் கண்டனம் சரியே. நல்ல சர்வீஸ் ரோடு கொடுத்துவிட்டு மாற்றினால், பைக்கில் போகிறவரின் உயிருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஒரே இடத்தில் நிற்கும் கேமராவுக்கு ஒரு குறை உண்டு. அடிக்கடி போகிறவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். அங்கே மட்டும் பிரேக் போட்டு, தாண்டியதும் மறுபடி மிதிப்பார்கள். ஸ்பீடு கன்னோடு நிற்கும் ரோந்து வண்டிக்கும் இதே கதி. எதிரே வருகிற லாரிக்காரர் லைட்டை அடித்துச் சொல்லிவிடுவார். இரண்டு இடங்களுக்கு நடுவே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகம் பார்த்தால் இந்த ஏமாற்று செல்லாது. நம் டோல்கேட்டுகளில் ஃபாஸ்டேக் ஒவ்வொரு வண்டியும் கடந்த நேரத்தை ஏற்கனவே பதிவு செய்கிறது. 50 கி.மீ. தூரத்தை ஒரு கார் 25 நிமிடத்தில் கடந்தால் சராசரியே 120. நடுவில் டீ குடிக்க நின்றவர் தப்பித்துவிடுவாரே என்று கேட்கலாம். தப்பட்டும். செய்யாத குற்றத்துக்கு யாரும் மாட்ட மாட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். வேகமானியில் சந்தேகம், கருவியில் சந்தேகம் என்ற வாதங்களுக்கும் இதில் இடம் குறைவு.

சட்டத்திலும் அடித்தளம் இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவும் அதன்படி 2021 ஆகஸ்டில் வந்த விதிகளும் மின்னணுக் கண்காணிப்பை அனுமதிக்கின்றன. கருவிக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும், கண்காணிப்பு இருப்பதைப் பலகை வைத்துச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். இந்த மூன்றையும் கண்டிப்பாகப் பின்பற்றினால் மக்கள் கோபம் பாதியாகக் குறையும். போகாத ஊரில் போகாத வண்டிக்குச் சலான் வந்ததாகப் புகார் எழும் இடத்தில், எந்த அலுவலகத்துக்கும் அலையாமல் மறுக்க வழி வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வேன்.

சாலையையே திருத்துவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் விவாதமே இல்லை. செலவும் காலமும்தான் தடை. மும்பை - புனே விரைவுச்சாலையில் 2016 முதல் தடுப்புச் சுவர், ஓரத்தில் நிற்கும் வண்டியை அகற்றுதல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டை மறைத்தல் என்று சிறு சிறு வேலைகளைச் செய்தே உயிரிழப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தார்கள். நம் காவல்துறைப் பதிவுகளில் பெரும்பாலான மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்று வருகிறது. 2022இல் நாடு முழுக்க அது 71 சதவீதம். ஆனால் விபத்து நடந்த நேரத்தில் வண்டி எத்தனையில் போனது என்று பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. விளக்கே இல்லாமல் ஓரத்தில் நின்ற லாரியின் பின்னால் விடியற்காலை மோதியதும் அதே கட்டத்தில்தான் விழுகிறது. அந்த லாரியை அகற்ற ஒரு கிரேனும் லாரிகள் நிற்க ஓர் இடமும் போதும்.

என் தேர்வு

ஒரே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் டோல்கேட் இடைவெளியில் சராசரி வேகத்தை அளப்பதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அபராதம் இப்போது இருப்பதே போதும். அதை யாரிடமும் விடாமல் வசூலித்து, ஓராண்டில் மூன்றாம் முறை மாட்டினால் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தினால், பத்து மடங்கு அபராதத்தைவிட அது அதிகம் சாதிக்கும். இரண்டாவதாக ஒன்று செய்யலாம் என்றால் ஊர் கடக்கும் இடங்களில் வரம்பை 60ஆக்குவேன். திறந்தவெளியில் 100ஐ அப்படியே விட்டுவிடுவேன். நீதிமன்றம் கேட்ட பொதுவான குறைப்பிலிருந்து நான் விலகுவது இந்த இடத்தில்தான். எல்லா இடத்திலும் 80 என்றால் எல்லோரும் மீறுவார்கள், குறிப்பிட்ட இடத்தில் 60 என்றால் ஏன் என்று கண்ணாலேயே தெரியும். வரம்பை 120ஆக்குவது விரைவுச்சாலை திறந்த பிறகு அங்கே மட்டும்.

முதலில் சோதித்துப் பார்க்க விக்கிரவாண்டிக்கும் செங்குறிச்சிக்கும் நடுவே உள்ள பகுதி பொருத்தமாக இருக்கும். இரண்டு முனையிலும் டோல்கேட் இருக்கிறது. நடுவில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று ஊர்கள் இருக்கின்றன. இரவு முழுக்க ஆம்னி பஸ்ஸும் லாரியும் ஓடுகின்றன. ஓராண்டு நடத்தி, அந்தப் பகுதியில் மாதந்தோறும் எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு சலான் போனது, எவ்வளவு வசூலானது என்ற மூன்று எண்களையும் வெளியிட வேண்டும். வசூலான பணம் அதே பகுதியின் சர்வீஸ் ரோட்டுக்கும் சுரங்கப்பாதைக்கும் போக வேண்டும். எந்த மீடியன் திறப்பை மூடுவது, எங்கே கடக்க வழி விடுவது என்பதைச் சென்னையில் வரைபடத்தை வைத்து முடிவு செய்யாமல், சாலையோர ஊராட்சிகளில் கூட்டம் போட்டுக் கேட்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகிற பெண்களும் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் தினமும் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.